திரும்பிப் பார்க்காத தகப்பன் எழுதிய பாட்டு

ஆறு வயதில் கான்வென்ட்டில் விடப்பட்டவள் நான். அம்மா காய்ச்சலில் போன இரண்டாம் மாதம், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டுபோய்க் கன்னியாஸ்திரிகளிடம் ஒப்படைத்தார். மறுவருடம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வந்து பார்த்தார், பிறகு வரவில்லை. பினாங்கு என்ன அவ்வளவு பெரிய பட்டணமா? அவர் வீட்டிலிருந்து கான்வென்ட்டுக்குக் கால் மணி நேர நடை.

அவர் பாட்டுக் கட்டுகிறார் என்பதே நான் டீச்சரான பிறகுதான் காதில் விழுந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு மசாலாக் கடை மாடியில், ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ்ச் சபை கூடும். அங்கே ஒரு வழக்கம். ஒருவருடைய பாட்டை எடுத்துவைத்து ஆளாளுக்குப் பொருள் சொல்வார்கள். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. கடைசியில் எழுந்து யார் சொன்ன பொருள் சரி என்று அவர் சொல்ல வேண்டும். அந்த வாரம் அப்பாவின் பாட்டு என்று தெரிந்துதான் போனேன். எனக்கு அப்படியே அம்மாவின் முகம்; நான் யார் பெண் என்பது அங்கே அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

வாசலில் விட்டு வந்தவழி நடந்தேன்;
பேசவும் இல்லை, பின்னே திரும்பவும் இல்லை;
அழாமல் நின்றது பிள்ளை.

மூன்றே வரி. அதற்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். “பெத்தவன் கல்நெஞ்சன், வேற என்ன?” என்றார் ஒரு கடைக்காரர். “அப்படியில்ல அண்ணே, கண்ணீரைப் பிள்ளை பாத்துடக் கூடாதுன்னுதான் திரும்பல” என்றார் ஓர் இளம் கிராணி. மாதா கோயில் உபதேசியாருக்குக் கத்தரிக்காயைக் காட்டினாலும் அதில் ஆன்மா தெரியும். தகப்பன் ஆண்டவர், பிள்ளை ஆன்மா, வாசல் இந்த உலகம் என்று நீட்டி முழக்கினார்.

எனக்கு அந்த இளைஞர் சொன்னதிலேயே மனம் நின்றுவிட்டது. அதுதான் சரி என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது வருடக் கோபத்தையும் அங்கேயே இறக்கிவைக்கத் தயாராக இருந்தேன். வெட்கங்கெட்ட மனசு.

“டீச்சரம்மா, நீங்களும் சொல்லுங்க லா” என்றார் கடைக்காரர்.

எழுந்தேன்.

“அந்தத் தகப்பன் திரும்பி வந்தாருங்க. பிள்ளை கையில குடுத்த குடைய மறந்துட்டாரு, அதை வாங்கத்தான் வந்தாரு. பிள்ளை தன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றாருன்னு ஓடுச்சு. அவர் குடைய மட்டும் வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எதுக்கு அழணும்?”

“பாட்டுல குடையே இல்லையே!” என்றார் உபதேசியார். சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தலை நரைத்திருந்தது. ஒரு கணம் என்னை நேராகப் பார்த்தார்.

பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“உபதேசியார் சொன்னதுதான் சரி. இந்தப் பாட்டுல நெசமான பிள்ளைன்னு யாரும் இல்லீங்க” என்றார். “ஆனா டீச்சரம்மாவோட கற்பனை ரொம்ப நல்லா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு, எனக்காக அவரே முதலில் கை தட்டினார்.