நான் நிற்கவேண்டிய இடம்

எங்கள் வீட்டில் உல்லாசப் பயணம் என்றால் திட்டம் போடுவது நான். வீட்டிலேயே இருந்துகொள்வதும் நான். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஆறு வருஷம் பினாங்கில் அப்படித்தான் நடந்தது.

இருபது வயதில் தாலியைக் கழற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். ஜெலுத்தோங்கில் ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவரைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அண்ணன் துறைமுக அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்து வேலை. பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே பெண் குழந்தை, அப்புறம் நான். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, இரண்டு வேளைச் சோறு. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அண்ணனுக்கு வீட்டில் கால் தங்காது. "மக்கான் ஆங்கின் போவோமா?" என்பார். காற்றுத் தின்னப் போவது என்று மலாய்க்காரர்கள் சொல்வதைத்தான் அவரும் சொல்வார். அவருடைய அலுவலகத்துப் பெரிய கிராணியும் அவர் மனைவியும் கூட வருவார்கள். பெரிய கிராணி தயவு இருந்தால்தான் அண்ணனுக்கு மேலே ஏற வழி. அதனால் பயணத்தில் ஒரு குறையும் வரக்கூடாது. வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். பஞ்சாங்கம் பார்ப்பேன். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அண்ணன் அலுவலகத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரம் குறிப்பேன். எந்த மணிக்குக் கிளம்பினால் குழந்தை கிளிஞ்சல் பொறுக்கத் தண்ணீர் வற்றியிருக்கும், எந்த மணிக்குத் திரும்பினால் ராகு காலத்தில் மாட்டாமல் வீடு சேரலாம், எல்லாம் என் பென்சில்தான் சொல்லும். பாலேக் பூலாவில் டுரியான் பழம் எப்போது விழும், தண்ணீர்மலையில் குரங்குத் தொல்லை எந்தப் பக்கம் என்று மீன்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் கேட்டுக் கேட்டு வைத்திருந்தேன். இந்தத் தீவில் எனக்குத் தெரியாத கடற்கரை கிடையாது. பார்த்த கடற்கரை, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த அந்தக் கல்கட்டுக் கரை ஒன்றுதான்.

இன்னொரு வேலையும் உண்டு. அதைச் சொன்னால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கிளம்பும்போது நல்ல சகுனம் வேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டு அக்காவிடம் முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும். அவர் பூ வைத்து, பொட்டு வைத்து, நிறைகுடம் எடுத்துக்கொண்டு, தற்செயலாக வருகிறவர் போல எதிரே வருவார். அவரை ஏற்பாடு செய்வது நான். அவர் எதிரே வருகிற நேரத்தில் பின்கட்டில், கரி மூட்டைக்குப் பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதும் நான். என் முகம் யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் அடங்கிய பிறகு வெளியே வந்து எச்சில் தம்ளர்களைக் கழுவுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் போகிறவர்கள் ஒரு துண்டு வெல்லம் தின்றுவிட்டுப் போனால் தோஷம் இல்லை. வெல்லத்தை உடைத்துத் தட்டில் வைப்பேன், அண்ணி எடுத்துக் கொடுப்பாள். சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. எனக்குப் பரிகாரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை.

தெலோக் பகாங்குக்கு அவர்கள் மூன்று முறை போய்வந்தார்கள். அங்கே மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கிக் கடலில் கலக்கிறதாம். கலக்கிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. ஒரு காலில் குளிர்ந்த தண்ணீர், மறு காலில் உப்புத் தண்ணீர் படுமாம். குழந்தை இதைச் சொல்லும்போது அவள் கண்ணே பெரிதாகிவிடும். "நீங்களும் வாங்க அத்தை" என்பாள். அண்ணி உடனே, "அத்தைக்கு வேலை இருக்குதுடா" என்பாள். ஆமாம், வேலைதான். யாருடைய பாத்திரத்தையோ தேய்ப்பது.

எனக்கு ஆசை இருந்தது. ஒரே ஒரு முறை அவர்களோடு போகவேண்டும். அந்தக் குட்டையில் கால் வைக்கவேண்டும், பிறகு எல்லாரோடும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். வெட்கத்தை விட்டு அண்ணனிடம் கேட்டேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பெரிய கிராணி சகுனம் பார்க்கிற மனுஷன்மா. நீ கூடக் கிளம்பினா அவரு வண்டியில ஏறமாட்டாரு" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணுவோம். நீ முதல் பஸ்ஸுல பாத்திரத்தோட முன்னாடியே போயிரு. நாங்க கார்ல பின்னாடி வர்றோம். கிளம்புறப்போ நீ எதிர்ல இல்ல, கூடவும் இல்ல. அங்க போனப்புறம் எல்லாம் ஒண்ணுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் நமக்காக யோசித்திருக்கிறாரே என்று நினைத்தேன். அந்த நாளைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அது அந்த அழுகை மேல்தான்.

விடியலில் எழுந்து புளிச்சோறு கிளறினேன். உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு வடை, பெரிய கிராணிக்குப் பிடித்த கெட்டித் தயிர். வாழையிலையை ஏழாக நறுக்கினேன். டிரைவருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. என் சேலையை முந்தின நாளே கஞ்சி போட்டு வைத்திருந்தேன். பஸ்காரர் பாத்திரங்களை ஏற்ற முணுமுணுத்தார், நான் காதில் வாங்கவில்லை. தஞ்சோங் பூங்கா தாண்டியதும் சாலை கடலை ஒட்டியே போனது. ஒவ்வொரு வளைவையும் எனக்குத் தெரியும், ஒன்றையும் பார்த்ததில்லை. பத்து பெரிங்கி என்ற ஊர் வந்தபோது பக்கத்தில் இருந்த சீனக் கிழவியிடம், இன்னும் மூன்று மைல் என்று நானே வலியச் சொன்னேன்.

தெலோக் பகாங்கில் இறங்கி, ஒரு மரத்தடியில் பாயை விரித்துப் பாத்திரங்களை வைத்தேன். குட்டையைத் தூரத்தில் பார்த்தேன், ஆனால் கால் வைக்கவில்லை. குழந்தை வந்த பிறகு அவளோடு சேர்ந்து இறங்கலாம் என்று இருந்தேன். நான் பாய் விரித்த இடம் தெரியாமல் அவர்கள் தேடக்கூடாதே என்று சாலையில் போய் நின்றேன். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தவள், நான் எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பத்து மணி இருக்கும். வளைவில் ஒரு கார் வந்தது. கையைத் தூக்கினேன். கார் கொஞ்ச தூரத்திலேயே நின்றது, பின்னால் போய்த் திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. வெயில் எதிரே அடித்ததால் உள்ளே இருந்தவர்கள் தெரியவில்லை. யாரோ வெள்ளைக்காரர் வழி தவறி வந்திருப்பார் என்று நினைத்து, தூக்கிய கையைக் கீழே போட்டேன்.

பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெண் வந்து யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். அண்ணனுக்காக என்றேன். அவர் ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இரண்டு மணிக்கு மேல் தயிர் புளித்துவிட்டது. எனக்குச் சாப்பிட மனமில்லை. அண்ணனுக்கு வழியில் என்ன ஆனதோ, கார் எங்கே கவிழ்ந்ததோ என்று வளைவு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். புளிச்சோற்றில் ஒரு பாத்திரத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். குட்டையில் கால் வைக்கவே இல்லை.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். முழுசாக, நலமாக.

"பத்து பெரிங்கிகிட்ட டயர் வெடிச்சிருச்சுமா" என்றார் அண்ணன். "அதுக்கு மேல வண்டி வரல. அங்கனயே எறங்கிட்டோம். ரொட்டியும் பழமும் வாங்கித் தின்னுட்டு வந்தோம்."

அண்ணி பாத்திரங்களை எண்ணினாள். "ஒரு போகிணி குறையுதே" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்லவேளை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டேன். பாவம், வெயிலில் டயரோடு கஷ்டப்பட்டிருப்பாரே என்று அண்ணனுக்குக் குளிக்க வெந்நீரும் வைத்துக் கொடுத்தேன். அப்படி ஒரு மண்டு நான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயது. சீப்பு சிக்கெடுக்கும்போது அழாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

"அத்தை, அன்னைக்கு நீங்க ஏன் கையத் தூக்குனீங்க?"

"என்னைக்கு?"

"கடல்ல. ரோட்டுல நின்னீங்கள்ல. நாங்க பாத்தோமே. பெரிய கிராணி மாமா, மொத மொத இதுவா எதிர்ல நிக்கணும்னு சொல்லி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அப்பாதான் வண்டியத் திருப்பச் சொன்னாங்க. நான் அத்தை அத்தைன்னு கத்துனேன். அம்மா வாயப் பொத்திட்டாங்க."

"டயர் வெடிச்சுதா?"

"இல்லையே" என்றாள்.

நான் பின்னலை முடித்தேன், ரிப்பன் கட்டினேன். பெரிய கிராணி என்னை அப்படிச் சொன்னது எனக்கு வலிக்கவில்லை, அவர் யாரோ. அண்ணன் என் கூடப் பிறந்தவர். நான் கையைத் தூக்கி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, திருப்பு என்று அவர் வாயால் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, நான் வைத்த வெந்நீரில் குளித்திருக்கிறார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் போனது. அண்ணன் தாளும் பென்சிலும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இந்த முறை ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய், ரயில் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் அருவி பார்ப்பதாம். நான் வழக்கம் போல எல்லாவற்றையும் எழுதினேன். ஃபெர்ரி நேரம், ரயில் நேரம், பெரிய கிராணிக்குத் தயிர். பக்கத்து வீட்டு அக்காவிடம் குடத்துக்குச் சொல்லிவைத்தேன். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "உன்னை மாதிரி யாரு இப்படிப் போடுவா" என்று மெச்சினார்.

நான் எங்கே நிற்கவேண்டும் என்பதையும் இந்த முறை யோசித்து வைத்திருந்தேன். தாளில்தான் எழுதவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. வாசலில் ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. பெரிய கிராணியும் மனைவியும் ஒன்றில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் கரி மூட்டைப் பக்கம் போகவில்லை. பின்படிக்கட்டில் இறங்கிச் சந்து வழியாகச் சுற்றி வந்து, கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில், வாசலைப் பார்த்து நின்றேன். குடத்தோடு வந்துகொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன்தான் முதலில் வெளியே வந்தார்.

"என்னமா இது. உள்ள போமா" என்றார் மெதுவாக.

"டயர் வெடிக்காமப் போய்ட்டு வாங்கண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்றுதான் நின்றேன், பார்த்தேன். திருப்தியாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். பெரிய கிராணி ரிக்‌ஷாக்காரரின் தோளைத் தட்டினார். அவர்களுடைய வண்டி அப்படியே திரும்பித் தெருக்கோடியில் மறைந்தது. அண்ணி தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டு மாடி ஏறினாள். அண்ணன் அவள் பின்னாலேயே உள்ளே போனார். நான் கட்டிய சோற்றை வீட்டிலேயே மூன்று வேளை சாப்பிட்டார்கள்.

அன்றைக்குப் பிறகு என்னிடம் யாரும் தாளும் பென்சிலும் கொண்டுவரவில்லை. பெரிய கிராணி அண்ணனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதற்கெல்லாம் நான் வருந்தவில்லை. இன்றைக்கும் வருந்தவில்லை.

ஆனால் அன்று காலை, எல்லாரும் உள்ளே போன பிறகு, படிக்கட்டில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். புது கவுன், காலில் வெள்ளைச் சாக்ஸ், கையில் கூழாங்கல் பொறுக்க ஒரு பிஸ்கட் டின். அவள் அழவில்லை. டின்னின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் உங்ககிட்டச் சொன்னதுனாலதானா அத்தை?" என்று கேட்டாள்.

"இல்லடா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பாவின் டயர் கதையைக் கேட்டபோதும் அப்படித்தான் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு தலை வாரும்போது அவள் என்னிடம் ஒன்றும் பேசியதில்லை. சீப்பு சிக்கெடுத்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள்.