சாத்திரியார் எழுதித் தர மறுத்த பதில்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லண்டன் வெம்பிளியில் இரண்டு கடைகளைத் தனியாளாக எழுப்பியவனும் நான்தான். மூன்றாவதை மோர்டனில் வாடகைக்கு எடுக்க லீஸ் பத்திரம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான். லீஸ் எங்கள் இரண்டு பேர் பெயரிலும். என் மனைவியோ சாதகம் பார்க்கும் சாத்திரியாரைக் கேட்காமல் பேனையைத் தொடமாட்டேன் என்றாள்.

சாத்திரியார் முதல் நாள் "நல்ல காலம்" என்றார். மறுநாள் "கொஞ்சம் பொறுங்கோ." வியாழன் காலையில் "பாத்துச் செய்யுங்கோ."

"பாத்துச் செய்யிறதோ? இவ்வளவு நாளும் நான் கண்ணை மூடிக்கொண்டோ கடை நடத்தினனான்?" என்று மனைவியிடம் கத்தினேன்.

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் சீனப் பெண் தேநீர் போட வந்தவள், சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பழைய சீன எழுத்தைப் பற்றிப் படிக்கிறவள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, கைபேசியில் ஓர் ஆமையோட்டின் படத்தைக் காட்டினாள். மூவாயிரம் வருடங்களுக்கு முன் அவர்களுடைய மன்னர்களும் இப்படித்தானாம். மழைக்கும் போருக்கும் பல்வலிக்கும்கூடக் குறி கேட்பார்களாம். ஆமையோட்டிலோ மாட்டின் தோள் எலும்பிலோ சூடு வைத்தால் வெடிப்பு ஓடும்; அதுதான் பதில். கேட்ட கேள்வியை அதிலேயே செதுக்கிவிடுவார்கள். சீன எழுத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவைதானாம். சிலவற்றில், பிறகு என்ன நடந்தது என்பதையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு ராணியின் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்டு, பிறந்தது பெண், நல்லதில்லை என்று எழுதியிருக்கிறதாம்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டா நல்லதில்லையோ? விசரன்!" என்றாள் மனைவி.

நான் அதற்குள் சாத்திரியாருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டேன்.

"ஐயா, கடை சரிவருமோ வராதோ எண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ. வருசம் முடிய, என்ன நடந்ததெண்டு கீழ நான் எழுதிறன்."

"அண்ணை, உதெல்லாம் எழுத்தில குடுக்கிறேல்லை."

"மூவாயிரம் வருசத்துக்கு முந்தியே எழுதியிருக்கிறாங்கள் ஐயா, அதுவும் எலும்பில!"

"பூசைக்கு நேரமாச்சு, வைக்கிறன்."

மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தான் சொன்னதைத் தானே எழுதப் பயப்பிடுற மனுசனையோ நான் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தனான்?"

இரண்டு கிழமையாக நான் தொண்டை கிழியக் கத்தியும் அசையாதவள், பேனையை எடுத்து மளமளவென்று கையெழுத்திட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட இடத்திலயும் போடுங்கோ. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"