மைதீன் கண்ட பிறை

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மண்டியொன்றில் நாற்பது வருஷம் தராசு பிடித்தவர் மைதீன். தென்காசிப் பக்கத்து ஆள். முள் நேராக நிற்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் எந்த மூட்டையையும் தள்ளிவிட மாட்டார். முதலாளியே அவசரப்படுத்தினாலும், "நீங்க சொல்லுதீக, தராசு இன்னும் சொல்லலையே" என்பார். எழுபத்தாறு வயதில் மறதி நோய் வந்தது. மகனின் பெயர், குளியலறைக் கதவு, சற்றுமுன் சாப்பிட்ட சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழன்று போயின. இந்தக் குணம் மட்டும் போகவில்லை.

டாக்டர் ரமலான் நோன்பே கூடாது என்றிருந்தார். மைதீனோ விடியுமுன் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக எழுந்து உட்கார்ந்துவிடுவார். மருமகள் சபீனா சண்டைக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் கஞ்சியோடு போய் நிற்பாள். நோன்பென்ற நினைவே இல்லாமல் குடித்துவிடுவார்; மாத்திரையும் உள்ளே போய்விடும். மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது என்பதுதானே மார்க்கம். மாலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தைக் கையிலெடுத்து, "இன்னிக்கி நல்ல தாகம் பிள்ளே" என்பார்.

"பின்னே, நோன்புன்னா சும்மாவா மாமா?" என்பாள் சபீனா.

இப்படி இருபத்தொன்பது நோன்பையும் அவர் ஒன்று விடாமல் பிடித்து முடித்தார்.

போன பெருநாள் அவருக்கு ஆசுபத்திரிக் கட்டிலில் கழிந்தது. இந்தத் தடவை மாமாவை நடுவில் உட்காரவைத்து எல்லாருமாகச் சாப்பிட வேண்டும். சபீனாவுக்கு வேறு ஆசையில்லை. பிறை கண்டால்தான் மறுநாள் பெருநாள். ஆனால் கடைசி நோன்பன்று மாலை திருவனந்தபுரத்தில் மேகம் மூடிக்கொண்டது. கோழிக்கோட்டுப் பக்கம் பிறை கண்ட செய்தி டி.வி.யில் வந்தபோது மைதீன் தூங்கிப்போயிருந்தார்.

காலையில் அவள் புதுச் சட்டையை நீட்டினாள்.

"எதுக்கு?"

"இன்னிக்குப் பெருநாளல்லே மாமா."

"பிறை ஆரு கண்டா?"

"கோழிக்கோட்டுல கண்டாங்களாம்."

"நீ கண்டியா?"

"இல்ல..."

"நான் கண்டேனா?"

சபீனா சட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"பின்னே? நோன்புக்காரனையா ஏமாத்தப் பாக்கே? போ பிள்ளே."

மகன் அப்போதுதான் வாங்கியிருந்த செல்போனில் கோழிக்கோட்டு நண்பனையே பிடித்து, வாப்பாவின் காதில் வைத்தான். மைதீன் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குள்ள பிறை தெரியுமாலே?"

பத்து மணிக் கஞ்சியும் பலிக்கவில்லை. வீடெல்லாம் நெய்ச்சோற்று மணம். ஆளாளுக்கு வந்து சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்றதில் அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. மறப்பதற்கே பேர்போன மனுஷர் அன்றைக்கென்று மறக்கவேயில்லை.

"பெருநாளன்னிக்கி நோன்பு பிடிக்கது ஹராம் வாப்பா!" என்று மகன் கத்தினான்.

"அது பெருநாளன்னிக்கில்லா" என்றார் மைதீன், நிதானமாக.

மதியமும் ஆயிற்று. தண்ணீரும் இல்லை, மாத்திரையும் இல்லை. சபீனாவுக்கும் சோறு இறங்கவில்லை. இன்று மாலை நோன்பு திறந்தாலும், நாளைக்கும் பிடிப்பேன் என்பாரே. அடுக்களையில் நின்று யோசித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: மாமா பெருநாள் வேண்டாமென்று சொல்லவில்லை, பிறையைக் காட்டு என்றுதானே சொல்கிறார்? வெளியே எட்டிப் பார்த்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அது ரெண்டாம் பிறையாக்குமே" என்றான் கணவன்.

"இருக்கட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க கேட்டோ."

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்து, அவரைக் கைப்பிடியாக மொட்டைமாடிக்கு ஏற்றினாள். மைதீன் நெற்றியில் கைவைத்து மேற்கே துழாவினார்.

"அந்தா! தென்னைக்கு மேல! கண்டியா பிள்ளே?"

"கண்டேன் மாமா!"

"இன்னொரு சாட்சி வேணும்."

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த முத்தாரம்மாள் குரல் கொடுத்தாள். "நானும் கண்டேன் பாய்! நல்ல தெளிவாட்டு நிக்கி."

மைதீன் முகம் மலரவில்லை. ஒரு கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார். "முதப் பிறைக்கு இது எடை கூடுதலால்லா இருக்கு."

முத்தாரம்மாள் எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டாள்.

"கூடினா குத்தமில்ல" என்றார் மைதீன். "குறையத்தான் கூடாது."

மறுநாள் மகன் கடைக்கு லீவு சொன்னான். எல்லாரும் முந்தின நாள் கசங்கிய புதுத்துணியையே தேய்த்து உடுத்திக்கொண்டார்கள். சபீனா புதிதாக நெய்ச்சோறு ஆக்கினாள். மைதீனைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி, நடுவில் உட்காரவைத்தார்கள். சோற்றில் கைவைக்கப் போனவர் நிமிர்ந்தார்.

"ஏ பிள்ளே, பிறை ஆரு கண்டா?"

"நீங்கதான் மாமா."

"நானா?"

"ஆமா. மாடியில நின்னு. முத்தாரக்காகூட சாட்சி."

மைதீனுக்கு நேற்றின் ஒரு துணுக்கும் அகப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பிறை கண்ட ஆளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

"நான் கண்டேன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சோற்றைப் பிசைந்தார். "இறைச்சியை இங்கிட்டுத் தள்ளு."