கரீனுக்காக ஒரு முழு வாக்கியம்

இன்று மதியம் நான் யாரோடு படம் பார்த்தேன் தெரியுமா? லுதிவீனோடு! ஆமாம், அதே லுதிவீன்தான். 2007-ல் பதினோரு வாரம் கேமரா வைத்த வீட்டுக்குள் பூட்டிவைத்து பிரான்ஸே உட்கார்ந்து பார்த்ததே, அந்த நிகழ்ச்சியில் எங்கள் பூலோன் ஊரிலிருந்து போன ஒரே பெண். இப்போது துறைமுகத்தில் மீன் விற்கிறாள்.

புதன்கிழமை, புதுப் படம், இரண்டு மணிக் காட்சி. அரங்கம் நிறைந்துவிட்டது; ஒரு பெண்ணுக்கு இரண்டு பக்கமும் மட்டும் இருக்கை காலி. அதில் ஒன்றில் ஒரு பச்சைக் கோட்டு கிடந்தது.

"இங்க யாராவது வராங்களா மேடம்?"

"என் அக்கா வரணும். நீ இந்தப் பக்கம் உக்காரு கண்ணு. மீன் வாடை அடிச்சா கண்டுக்காத."

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. லுதிவீன்!

படம் ஒரே கூத்து. அந்த மாதிரி நிகழ்ச்சிகளைத்தான் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள். நடுவில் ஒரு காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குள் இருப்பவர்களிடம் கேள்வி கேட்கிற பெண்ணாக லுதிவீனே வருகிறாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. "கேள்வியையும் சேத்துச் சொல்லு செல்லம்" என்று அவள் கொஞ்சுகிறபோது மொத்த அரங்கமும் விழுந்து விழுந்து சிரித்தது. என் பக்கத்திலிருந்தவள் சிரிக்கவில்லை. அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு போட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஏன் அந்த வேடம் என்று கேட்டேன்.

"நானே கேட்டு வாங்கினேன். ஊர்ல ஷூட்டிங்குக்கு வந்தப்போ என்னை வீட்டுக்குள்ள இருக்கற பொண்ணா நடிக்கச் சொன்னாங்க. வேணாம், கண்ணாடிக்குப் பின்னாடி போறேன்னேன். அந்த வேலை எப்படி நடக்குதுன்னு என் அக்கா பாக்கணும்."

எப்படி நடக்கும் என்று சொன்னாள். கேள்வி கேட்கிறவளின் குரல் டிவியில் வரக் கூடாதாம். அதனால் பதில் சொல்கிறவள் கேள்வியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டால் 'ஆமாம்' என்றால் போதாது. 'காலையில் நான் சாப்பிட்டேன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். மறந்தால் திரும்பச் சொல்ல வைப்பார்கள். இரண்டாவது வாரத்தில் அது பழக்கமாகிவிடும்.

"அப்படித்தான் ஒரு நாள், அக்காவுக்கு உன் மேல பொறாமையான்னு கேட்டா. நான் என்ன சொன்னேன்? 'என் அக்காவுக்கு என் மேல பொறாமை, அதானே கேக்கறீங்க? போங்க, இந்த நிகழ்ச்சிக்கு ஃபார்மை நிரப்பி அனுப்பினதே அவதான்'னேன். டிவில வந்தது பொறாமைங்கிற வரைக்கும்தான்."

அக்கா கரீன் அப்போது கடற்கரையில் வண்டி போட்டு உருளைக்கிழங்கு வறுவல் விற்றுக்கொண்டிருந்தாள். மறுநாளே வண்டி முன்னால் கூட்டம். வாங்க வந்த கூட்டம் இல்லை. "ஏம்மா பொறாமைக்காரி, மிளகு போடாத! உன் வயித்தெரிச்சலே போதும்!" என்று கத்துவார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்களும் போய்க் கத்தியிருக்கிறோம். இதை லுதிவீனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

"வெட்டினவங்கதானே தப்பு?" என்றேன்.

"வெட்டினது அவங்க. அதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டு இருந்தது நான்."

லுதிவீன் அந்த கேமரா வீட்டைவிட்டு வெளியே வந்த அன்றே கரீன் போன் செய்தாளாம். "வெட்டிட்டாங்கன்னு எனக்குத் தெரியும்டி. நீ பேசற பேச்சு எனக்குத் தெரியாதா? பத்திரிகைக்காரங்க வருவாங்க. அப்படி இல்லைன்னு ஒரே ஒரு வரி சொல்லிடு. எனக்கு வண்டி ஓடணும்" என்றாளாம்.

மறுநாளே ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து வந்தார்கள். அட்டைப்படம். முகத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார்கள், அக்காவுக்கு இன்னும் பொறாமையா என்று.

"'குடும்ப விஷயம், வேணாமே'ன்னு சொல்லிட்டு கண்ணைத் தொடச்சேன். அழுகையே வரல, தெரியுமா? ஆனா போட்டோ அம்சமா வந்துச்சு. இல்லைன்னு சொல்லியிருந்தா அட்டையில போட்டிருப்பாங்களா? அதுதான் மனசுல ஓடுச்சு."

அந்த அட்டைப்படத்தை வைத்து இரண்டு கோடைக்காலம் ஓட்டினாள். டிஸ்கோ திறப்பு விழா, கையெழுத்து, தோளில் பெயர் போட்ட பட்டை. மூன்றாவது கோடையில் டிவியில் வேறு வீடு, வேறு பெண்கள். அதற்குள் கரீன் வண்டியை விற்றுவிட்டு பக்கத்து ஊரான எதாப்லுக்குப் போய்விட்டாள். ரயிலில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. பதினெட்டு வருடமாக அக்காவும் தங்கையும் பேசவில்லை.

போன வாரம் லுதிவீன் இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்து, கடிதமும் வைத்து, தபாலில் அனுப்பியிருக்கிறாள். பதில் போனுக்கு வந்திருந்தது. படம் தொடங்கும்போதே வந்துவிட்டதாம். என்னிடம் காட்டினாள்.

'வரல. அன்னிக்கு ஊரே சிரிச்சுது. இன்னிக்கும் ஊர் சிரிக்கிற இடத்துலதான் சொல்லுவியா?'

"அவ கேக்கறது நியாயம்தானே?" என்றாள் லுதிவீன். பதில் வந்த பிறகும் அந்தக் கோட்டை அவள் இருக்கையிலிருந்து எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எழுது. சிரிப்பு வர மாதிரி எழுதாத. இப்போ நான் சொல்றதுல ஒரு எழுத்தும் விடாத."

நின்றுகொண்டே சொன்னாள். அப்படியே தருகிறேன்:

"என் அக்கா கரீனுக்கு என் மேல எப்பவும் பொறாமை இருந்ததில்ல. ஃபார்ம் நிரப்பினது அவ. நான் தூக்கிட்டுப் போன சிவப்பு சூட்கேஸ் அவளோடது. பத்திரிகையில கேட்டப்போ இல்லைன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அட்டைப்படம் வேணும்னு இருந்துச்சு, அதனால சொல்லல."

அவ்வளவுதான். வெளியே மழை. குடையில்லாமல் போய்விட்டாள்.

படிக்கிறவர்களே, இதைப் பகிருங்கள். எதாப்ல் பக்கம் யாருக்காவது கரீனைத் தெரிந்திருந்தால் அவளிடம் காட்டுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: பாதியை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். முழுதாகப் பகிருங்கள்.