அலசாத தட்டும் அண்ணன் கையும்

ஜெர்மனியில் தட்டு கழுவுகிற லட்சணத்தைப் பார்த்தால் நம்மூர்ப் பெண்கள் மயங்கி விழுவார்கள். சோப்பு நுரையில் முக்கி, நுரையோடு எடுத்து, துணியால் துடைத்து அடுக்கிவிடுவார்கள். அலசுவதே இல்லை! நான் குழாயைத் திறந்தால், என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்யும் பிர்கிட், "தண்ணீரை வீணாக்காதே" என்பாள். யாரிடம்? திருவொற்றியூரில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து அடித்துக்கொண்டவளிடம். அந்தப் பஞ்சத்திலும் அலசாத தட்டில் நாங்கள் சோறு போட்டதில்லை தாயே.

எண்ணூர்ப் பக்கம் பூச்சிமருந்துக் கம்பெனியில் மூட்டை கட்டுகிறான் என் அண்ணன். சில நாளாக டீ கிளாஸ் பிடித்தால் கை நடுங்குகிறது. அந்த மருந்தின் விஷமெல்லாம் ஒரு பாஸ்பேட் பிணைப்பில் இருக்கிறது. அதை அறுக்கத்தான் துத்தநாகம் பூசிய பொன் நுண்துகள்களோடு இங்கே மல்லுக்கட்டுகிறேன். அதே பிணைப்புள்ள, ஆபத்துக் குறைந்த பொருளில் சோதிப்போம். பொன் துகள் கலந்த நீர் இளஞ்சிவப்பாக இருக்கும், பிணைப்பு அறுந்தால் மஞ்சளேறும்.

மாதக்கணக்கில் மஞ்சளேறவே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில் பார்த்தால், பிர்கிட் கண்ணாடிக் குப்பிகளையும் அலசாமலே கவிழ்த்திருக்கிறாள்! ஆய்வகச் சோப்பிலும் பாஸ்பேட் உண்டு. அது துத்தநாகத்தில் ஒட்டிக்கொண்டு வேறெதற்கும் இடம் விடாது. எங்கள் அம்மா பாத்திரம் அலசுகிற மாதிரி அலசினேன். இளஞ்சிவப்பு நீர் மஞ்சளேறிக் காவியானது. "சோப்பு அவ்வளவு மோசமா?" என்றாள் பிர்கிட். தலையில் அடித்துக்கொண்டேன், சந்தோஷத்தில் ஆடுகிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

போன் கார்டு வாங்கி அண்ணனைக் கூப்பிட்டு, விஷத்தை முறிக்கும் பவுடர் வேலை செய்கிறது என்றேன்.

"சூப்பரும்மா! அனுப்பிவுடு. பம்பு தண்ணில கலக்கி கை கயுவிக்கினா போச்சு."

"கையுறை போடுறியா இல்லையா?"

"அத்த எப்பவோ தூக்கிப் போட்டேன். மூட்ட வயிக்கிக்கினு போவுது. நீதான் பவுடரு செய்றியே, இன்னாத்துக்கு அது?"

இன்னும் வராத பவுடரை நம்பி இருந்த கையுறையையும் கழற்றியிருக்கிறான், படுபாவி. "முதல்ல அதை எடுத்து மாட்டுண்ணா" என்று கத்தினேன். அதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

அவன் சொன்ன பம்புத் தண்ணீர் மண்டைக்குள் குடைந்தது. கடலோரத்துப் பம்பு, வாயில் வைத்தால் கரிக்கும். மறுநாள் இன்னொரு குப்பியில் நாக்கு நினைவு வைத்திருந்த அளவுக்கு உப்பைக் கரைத்து, துகள்களை விட்டேன். உப்பில் துகள்கள் திரண்டு, சிவப்பு நீலமாகி, கறுத்து, அடியில் படிந்துவிட்டது. இனி உப்பைத் தாங்கும் பூச்சு தேட வேண்டும், எத்தனை காலமோ.

இரண்டு குப்பிகளும் ஜன்னலோரம் நிற்கின்றன. இந்த ஊர்த் தண்ணீரில் வேலை செய்கிறது, எங்கள் ஊர்த் தண்ணீரில் செத்துக் கிடக்கிறது. அங்கே அண்ணன் வெறுங்கையோடு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பான்.