வேட்டித் துணியில் இரண்டு கறைகள்

என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில், கையளவு வெள்ளை வேட்டித் துணி ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு எண்ணெய்க் கறைகள். முதல் கறையை வைத்தவர் எங்கள் தீவில், ஜெலுத்தோங்கில் வண்டிப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணன். அவர் இப்போது இல்லை.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பதினொரு பெண்களை ஏற்றி இறக்கி, இருபது வருஷம் சொந்தமாக வேன் ஓட்டினேன். ஒரு நாள்கூட யாரும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. இதை நான் எங்கேயும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

வேன் வாங்க அண்ணனிடம் போனபோது முதலில் அவருடைய மச்சானின் வண்டியைத்தான் காட்டினார்கள். மச்சானும் பக்கத்திலேயே நின்றார். அண்ணன் எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் கியர்பெட்டியின் திருகைக் கழற்றி, விரலை விட்டு எண்ணெயைத் தொட்டு வெள்ளைத் துணியில் தடவினார். வெயிலில் பிடித்தார். ஜரிகைபோல மினுங்கியது.

"உள்ள பல்லு தேயுதுக்கா. இது இரும்புத் தூளு. வேணாம்."

"என் வண்டிக்கு நீயே வேட்டு வைக்கிறியா மாமா?" என்றார் மச்சான்.

"நீ கோவிச்சா ஒன் அக்கா எனக்கு ஒரு வாரம் சோறு போட மாட்டா, அவ்ளோதான்லா. இந்த அக்கா பதினோரு பொண்ணுங்கள ஏத்தப் போவுது."

அடுத்த மாதம் வேறொரு வேனைப் பார்த்துக் கொடுத்தார். அதன் எண்ணெய் வேறொரு வெள்ளைத் துணியில் தேன்போல ஊறியது, துளி மினுக்கம் இல்லை. துணியை என் கையில் கொடுத்து, "காயிதம்னா நீங்க படிக்க மாட்டீங்க. இதான் வண்டியோட சர்ட்டிபிகேட்டு, வச்சிக்குங்க" என்று சிரித்தார்.

முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாவியை மகன் வாங்கிக்கொண்டான். கெலுகோரில் ஒன்பதாவது மாடியில் எனக்கு லிஃப்டும் சன்னலும்தான் உலகம். காலையில் கீழே இறங்கி, நின்ற வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

போன வருஷம் மகன் ஒரு பந்தயக் கார் வாங்கினான். அதைத் தெற்கே பந்தயத் திடலுக்கு இழுத்துப் போக வண்டி வேண்டும்.

"ஒன் வேன் இழுக்குமாம்மா? நீதான் சொல்லணும். இழுத்தா நீயும் முன்சீட்டுல வா, கடல் பாலத்தத் தாண்டி எத்தன வருஷமாச்சு. இழுக்கலன்னா பழைய இரும்புக்குப் போட்டுரலாம். சும்மா பார்க்கிங்க அடைச்சிக்கிட்டு நிக்குது."

அவனையே வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லி, அதே துணியைக் கொடுத்தேன். தொட்டுத் தடவி நீட்டினான். "எண்ண நல்லாத்தானம்மா இருக்கு?"

கட்டட நிழலில் நல்லதாகத்தான் தெரிந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்து வெயிலில் பிடித்தேன். மினுங்கியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். துணியை மடக்கிக்கொண்டு நின்றேன். இழுக்கும் என்று ஒரு சொல் சொன்னால் வண்டி பிழைக்கும், நானும் கடலைப் பார்த்துக்கொண்டு பாலம் ஏறுவேன். பின்னால் ஒரு காரின் பாரம். பாலத்தின் மேட்டில் அந்தத் தேயும் கியர்ப் பல் உடைந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கில் இருப்பவன் என் பிள்ளை. அண்ணனுக்கு ஒரு வாரச் சோறு போயிற்று. எனக்குப் போக இருந்தது அந்த இருக்கை.

"வெயில்ல வந்து பாருடா," என்றேன்.

மூன்றாம் நாள் லாரி வந்து வேனைத் தூக்கிப் போனது. நான் இறங்கவில்லை, சன்னலில் நின்று பார்த்தேன். இப்போது அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கார் நிற்கிறது. லிஃப்டில் இறங்கி நான் போய் உட்கார இடமில்லை. காலை வெயில் சன்னலுக்கு வரும்போது சில நாள் துணியை எடுத்து விரிப்பேன். அண்ணன் வைத்த கறை மங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பது இன்னும் மினுங்குகிறது.