ஹலோ பாறையிலிருந்து ஒரு மிஸ்கால்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு என் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது... அதுதான் ஏற்பாடு.

அடித்தது என் அக்கா பாக்கியம். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நான் பதுளை டவுனில் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். மூன்று நாளாக விடாத மழை. டீவியைப் போட்டால் மண்சரிவு எச்சரிக்கை. புதன்கிழமை மாலையே அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

“நாளைக்குக் காலையில ஏழு மணியிலருந்து மழை விடுற வரைக்கும் மணிக்கொரு தடவ எனக்கு ஒரு மிஸ்கால் குடுக்கா. ஒண்ணு அடிச்சா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சா நான் திருப்பிக் கோல் எடுக்கிறேன்.”

“சரிடா தம்பி. இங்க கரண்ட் இல்ல, சார்ஜும் கொஞ்சந்தான் இருக்கு. பேச்செல்லாம் வேணாம், மிஸ்காலே தாரேன்.”

மிஸ்காலில் குடும்பமே நடத்துகிறவர்கள் நாங்கள். பஸ் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

ஏழுக்கு ஒன்று வந்தது. எட்டுக்கு ஒன்று. ஒன்பதுக்கு ஒன்று. மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். “பாத்தியா, எப்படி ஒரு சிஸ்டம் வச்சிருக்கேன்!”

“அந்த மழையில அவங்களுக்கு வேற வேலை இல்லையா, பாவம்” என்றாள். எனக்கு உறைக்கவில்லை.

பத்து மணி. போன் அடிக்கவில்லை.

பத்தேகால். பத்தரை. சரி, குளித்துக்கொண்டிருப்பாள்... இந்த மழையிலா? தூங்கியிருப்பாள்... அக்காவா? பத்தே முக்காலுக்கு நானே அவளுக்குக் கோல் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று சிங்களத்தில் ஒரு பெண் குரல், பிறகு தமிழில், பிறகு இங்கிலீஷில். மூன்று மொழியிலும் ஒரே கைவிரிப்பு. அக்கா வீட்டுக்காரர், என் மச்சானிடம் போனே கிடையாது. மறுபடி எடுத்தேன். மறுபடி. நாற்பது தடவையாவது அந்தப் பெண்ணைப் பேச வைத்திருப்பேன்.

மீரியபெத்தைத் தோட்டம் சரிந்து, ஆட்களோடு மண்ணுக்குள் போன நாளிலிருந்து இந்த மலையில் பிறந்த எவனுக்கும் மழைச் சத்தம் வெறும் மழைச் சத்தமாகக் கேட்பதில்லை. உங்களுக்கு எப்படியோ, எனக்கு மழை வலுத்தால் கை தானாகப் போனைத் தேடும்.

ஃபேஸ்புக்கைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. சிவப்பு மண்ணுக்கு நடுவில் ஒரு தகரக் கூரை. மேலே ‘மடுல்சீமை’ என்று ஒரே வார்த்தை. எந்தத் தோட்டம்? எந்த வருஷம்? போட்டவருக்கே தெரியாது போலும். அக்கா இருப்பது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்; அதன் கூரையில், காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க மச்சான் ஒரு லொறி டயரைத் தூக்கிப் போட்டிருப்பார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த டயரைத் தேடினேன். இல்லை. அப்பாடா என்று ஒரு விநாடி. அடுத்த விநாடி — டயர் உருண்டு போயிருந்தால்?

கடையை இழுத்து மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பாதையில் மண் விழுந்திருக்கிறது, மடுல்சீமை பஸ் ஓடாது என்றார்கள். அங்கேயே நின்றேன். போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கொழும்பிலிருந்து சித்தப்பா மகன். டுபாயிலிருந்து அக்காவின் மகன் செந்தில்.

“மாமா, அம்மாகூட பேசினீங்களா?”

“டவர் இல்லடா... வேற ஒண்ணும் இருக்காது.”

“சத்தியமா?”

நான் லைன் கட்டானது போல வைத்துவிட்டேன். சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை.

ஒன்றரை மணிக்குத் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. விரல் போகவில்லை. கெட்ட செய்தி தெரியாத நம்பரில்தானே வரும்? எடுத்துக் காதில் வைத்தேன்.

“தம்பி, நான்தான்டா.”

பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் நடுவில், விம்மி விம்மி அழுதேன்.

“அழுவாத. நல்லாத்தான் இருக்கோம். போன் சேத்துல விழுந்துருச்சு. தோட்டத்தத் தாண்டி நடந்து, கீழ கடைச் சந்திக்கு வந்து மரக்கறி லொறிக்காரர்கிட்ட வாங்கிப் பேசுறேன்.”

“லயத்துல எல்லாரும்...?”

“லயத்துல யாருடா இருக்கா? காலையில ஆறு மணிக்கே எல்லாரையும் கீழ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாங்க.”

எனக்குப் புரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னலே கிடையாது. அப்படியானால் ஏழு, எட்டு, ஒன்பது?

“ஹலோ பாறைக்கு ஏறித்தான் அடிச்சேன்.”

ஹலோ பாறை லயத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம். எல்லோரும் அங்கே போய் நின்று ‘ஹலோ ஹலோ’ என்று கத்துவதால் அந்தப் பேர். தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் நானும் ஏறிக் கத்தியிருக்கிறேன். அதாவது, எனக்குத் தெரியும். அக்காவின் போன் எங்கிருந்து பேசும் என்று நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் மணிக்கொரு மிஸ்கால் கேட்டிருக்கிறேன்.

எந்தச் சரிவுக்குப் பயந்து தோட்டமே இறங்கி வந்ததோ, அந்தச் சரிவில் என் அக்கா தனியாக மூன்று தடவை ஏறியிருக்கிறாள். போனை ஒரு தடவை அடிக்க விட்டு நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறாள். மச்சான் கத்தினாராம். “தம்பி பயந்துருவான்” என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அவள் அப்படித்தான். முப்பது வருஷமாகக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கக் கங்காணி பேர் கூப்பிடும்போது ஒரு நாள் பிந்தியதில்லை. அவளுக்கு நான் மணிக்கொரு பெரட்டு வைத்திருக்கிறேன். டவுனில் உட்கார்ந்துகொண்டு, குடை கூடத் தேவைப்படாமல், நான் கங்காணி வேலை பார்த்திருக்கிறேன்!

“பத்து மணிக்கு?” என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

“பள்ளிக்கூடத்துல பிளேன்டீ குடுத்தாங்க. குளிருதேன்னு வரிசையில நின்னு வாங்கிக் குடிச்சேன். அதுல கொஞ்சம் பிந்திட்டேன். கடைசி லயத்தத் தாண்டல... மேல என்னமோ முறியிற மாதிரி சத்தம். திரும்பி ஓடினேன், விழுந்தேன், போன் போயிருச்சு.”

“பாறை?”

“பாறை இல்லடா. போற பாதையும் இல்ல.”

ஒரு கோப்பை பிளேன்டீ. அந்த வரிசை கொஞ்சம் சீக்கிரம் நகர்ந்திருந்தால், என் சிஸ்டம் என் அக்காவைக் கொண்டுபோயிருக்கும்.

‘பத்திரமா இருக்கீங்களா? உடனே ஒரு கோல் எடுங்க...’ மழை பிடித்தால் நாம் எல்லோரும் இதைத்தான் அனுப்புகிறோம், இல்லையா? யாருக்காக அனுப்புகிறோம்? சொல்ல வெட்கமாக இருக்கிறது — நம் பயம் அடங்கத்தான். ஓட வேண்டியவர்களை நிறுத்தி, முதலில் எங்களைச் சமாதானப்படுத்திவிட்டு ஓடுங்கள் என்கிறோம்.

“மன்னிச்சுரு அக்கா” என்றேன்.

“அத விடு. இனிமே மழைன்னா நான் போன் அடிக்க மாட்டேன். அடிக்கலன்னா கீழ இருக்கேன்னு வச்சுக்க.”

“எனக்குப் பயமா இருக்குமே...”

“பயமா இருந்தா பயந்துகிட்டு இரு. செத்தா போயிருவ?”

வெளியே மறுபடி மழை பிடித்திருக்கிறது. செந்தில் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கி அனுப்பிவிட்டான். என் போன் மேசைமேல் இருக்கிறது, காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சாமி, அடிக்காமலே இருக்கட்டும்.